டாங்கிகளின் கதை – 23: ஏழு டாங்கிகள் மிச்சம்

சென்ற வாரம் சூயஸ் கால்வாய்க் கரையில் நின்றோம். 1973 அக்டோபர் 6, பிற்பகல் இரண்டு மணி. எகிப்தியக் காலாட்படை ரப்பர் படகுகளில் கால்வாயைக் கடந்தது. சூட்கேஸில் அடங்கும் சாகர் ஏவுகணைகளோடும் ஆர்.பி.ஜி.க்களோடும் மணல்மேட்டில் படுத்துக் காத்திருந்தது. பாய்ந்து வந்த இஸ்ரேல் டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. சினாயில் இருந்த டாங்கி டிவிஷன் ஒரே நாளில் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்தது. டாங்கியின் காலம் முடிந்துவிட்டது என்று உலகப் படைத்தலைமைகள் பேசத் தொடங்கிய இடம் அதுதான்.

அதே நாள், அதே மணி, வடக்கே இன்னொரு போர்முனையும் திறந்தது. அங்கே டாங்கியை எதிர்த்து வந்தது டாங்கி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவ்வளவு குறுகலான இடத்தில் அவ்வளவு டாங்கிகள் மோதியது அரிது. எந்த டாங்கி சிறந்தது என்று கேட்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது அந்த நான்கு நாள்களைத்தான். அந்தக் கணக்கை அவர்கள் சரியாகப் படித்திருக்கிறார்களா என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

*

கோலான் பீடபூமி எரிமலைக் குழம்பு உறைந்து உருவான நிலம். எங்கு பார்த்தாலும் கறுப்புப் பாறை. இடையிடையே அணைந்துபோன எரிமலைகளின் கூம்புக் குன்றுகள். மேற்கு விளிம்பில் நின்றால் கீழே ஜோர்டான் ஆறும் கலிலேயாக் கடலும் இஸ்ரேலின் கிராமங்களும் தெரியும். கிழக்கே டமாஸ்கஸ் வரை சமவெளி. பீடபூமியின் அகலம் மிஞ்சிப்போனால் 25 கிலோமீட்டர். ஒரு டாங்கிக்கு ஒரு மணி நேரப் பயணம்.

1967 ஜூன் வரை அது சிரியாவின் மண். ஆறு நாள் போரில் இஸ்ரேல் அதைக் கைப்பற்றியது. ஆறு ஆண்டுகள் கழித்து சிரியா மீட்க வந்தது. அந்த டாங்கிகளுக்குள் உட்கார்ந்து வந்தவர்கள் இழந்த மண்ணைத் திரும்பப் பெற வந்தவர்கள். இதை மறந்துவிட்டுப் படித்தால், அடுத்த நான்கு நாள்களில் அவர்கள் காட்டிய பிடிவாதம் புரியாது.

முன்வரிசையில் மூன்று காலாட்படை டிவிஷன்கள், அவற்றோடு சேர்ந்த டாங்கி பிரிகேடுகள். பின்னால் இரண்டு முழு டாங்கி டிவிஷன்கள். மொத்தம் 1,200க்கும் மேற்பட்ட டாங்கிகள். எதிரே இஸ்ரேலிடம் அன்று மதியம் இருந்தவை சுமார் 170.

அந்த 170கூடத் தற்செயலாக அமைந்ததுதான். கோலானில் வழக்கமாக நின்றது 188வது பிரிகேட் மட்டும். சிரியா படை குவிப்பதைப் பார்த்து, செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் ஏழாவது பிரிகேடின் 77வது பட்டாலியன் மேலே அனுப்பப்பட்டது. பிரிகேடின் மற்றப் பிரிவுகள் போருக்குச் சில நாள்கள் முன்பு வந்து சேர்ந்தன. ரிசர்வ் வீரர்கள் வீட்டில் இருந்தார்கள். அன்று யோம் கிப்பூர், யூதர்களின் உண்ணாநோன்பு நாள்.

77வது பட்டாலியனின் கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் அவிக்டோர் கஹலானி. 1967 போரின் முதல் நாளில் அவர் இருந்த பாட்டன் டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது. உடலெங்கும் தீக்காயம். நீண்ட மருத்துவமனை வாசம், அறுவைக்குமேல் அறுவை. டாங்கி எரிந்தால் உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்பதைத் தன் தோலில் அறிந்த மனிதர், மறுபடியும் டாங்கிக்குள் ஏறி நின்றார்.

*

இப்போது இரு தரப்பு டாங்கிகளையும் பார்த்துவிடலாம்.

இஸ்ரேல் வைத்திருந்தது பிரிட்டனின் செஞ்சூரியன். இரண்டாம் உலகப் போருக்காக வடிவமைக்கப்பட்டு, முதல் வண்டிகள் 1945இல் பெல்ஜியம் வந்திறங்கியபோது ஐரோப்பாவில் போரே முடிந்துபோயிருந்த டாங்கி. ஐம்பது டன்னுக்கு மேல் எடை. இஸ்ரேல் அதன் பழைய பீரங்கியை எடுத்துவிட்டு 105 மி.மீ. எல்7 பீரங்கியை வைத்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அமெரிக்க டீசல் எஞ்சினைப் பொருத்தியது. (அதே எல்7 பீரங்கிதான் அந்நாளில் நம் ஆவடியில் தயாரான விஜயந்தாவிலும் இருந்தது. கோலானில் எதிரெதிராக நின்ற செஞ்சூரியனும் டி-55உம் 1971 போரில் இந்தியப் படையில் ஒரே கொடியின் கீழ் நின்றவை.)

சிரியாவிடம் சோவியத் யூனியன் கொடுத்த டி-54, டி-55 டாங்கிகள் பெரும்பான்மை. 36 டன் எடை, 100 மி.மீ. பீரங்கி. அவற்றோடு புத்தம் புதிய டி-62. அதன் 115 மி.மீ. பீரங்கியின் குழல் உட்புறம் வரிப்பள்ளம் இல்லாமல் வழவழப்பானது. இறகு வைத்த கூர்முனைக் குண்டு விநாடிக்கு 1,600 மீட்டர் வேகத்தில் பாயும். செஞ்சூரியன் குண்டின் வேகம் அதைவிடக் குறைவு.

இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. சிரிய டாங்கிகளில் அகச்சிவப்பு விளக்கும் அதைப் பார்க்கும் கண்ணாடியும் இருந்தன. இருட்டில் அவர்களால் பார்க்க முடியும். இஸ்ரேல் டாங்கிகளுக்கு இரவுக் கண் இல்லை.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புதிய பீரங்கி, இரவுப் பார்வை, எண்ணிக்கை எல்லாமே சிரியாவின் பக்கம். அட்டவணை மட்டும் பார்த்துப் பந்தயம் கட்டுகிறவர் சிரியாவின் மேல்தான் கட்டியிருப்பார்.

ஆனால் அட்டவணையின் கடைசி வரியில், யாரும் கவனிக்காத ஓர் எண் இருக்கும். பீரங்கிக் குழலைக் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே சாய்க்கலாம் என்பது. செஞ்சூரியனில் 10 பாகை. டி-55இல் ஏறக்குறைய அதில் பாதி.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சோவியத் பொறியாளர்கள் டாங்கியைத் தாழ்வாகக் கட்டினார்கள். டி-55இன் உயரம் 2.4 மீட்டர். செஞ்சூரியன் ஏறத்தாழ 3 மீட்டர். ஐரோப்பியச் சமவெளியில் தாழ்ந்த டாங்கியை அடிப்பது கடினம். அந்த நோக்கம் சரியானதுதான். ஆனால் குழலின் முன்முனையைக் கீழே சாய்த்தால், உள்ளே இருக்கும் பின்முனை மேலே எழும். கூரை தாழ்வாக இருந்தால் அது போய்க் கூரையில் இடிக்கும். அதற்குமேல் சாய்க்க வழியில்லை.

சமவெளியில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. கோலானில் இதுவே உயிர் போகிற விஷயம். இஸ்ரேல் அங்கே புல்டோசர்களைக் கொண்டு மேடுமேடாகச் சாய்தளங்கள் அமைத்து வைத்திருந்தது. செஞ்சூரியன் அந்தச் சாய்தளத்தில் பின்புறமிருந்து ஏறி, குழலையும் கமாண்டரின் கண்களையும் மட்டும் மேட்டுக்கு மேலே நீட்டும். குழலைச் சாய்த்துக் கீழே பள்ளத்தாக்கில் வருபவனைச் சுடும். சுட்டதும் பின்வாங்கி மறையும். கீழிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது அரை மீட்டர் இரும்பு. அவனுடைய டாங்கியோ முழுதாக வெளியே நிற்கிறது.

இதே இடத்தில் டி-55 நின்று, இதே மேட்டிலிருந்து கீழே சுட வேண்டியிருந்தால், குழல் சாயாது. சுட வேண்டுமானால் மேட்டைத் தாண்டி உடம்பு முழுவதையும் காட்டியாக வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1964இல் இதே சிரிய எல்லையில் இஸ்ரேல் டாங்கிகள் சுட்ட குண்டுகள் இலக்கைத் தொடவே இல்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு டாங்கிப் படையின் தலைவராக இருந்த இஸ்ரேல் தால், தொலைதூரச் சுடுதலை ஒரு வெறியாகவே பயிற்றுவித்தார். முதல் குண்டு தவறினால் இரண்டாவது தவறக்கூடாது. அந்தப் பயிற்சியில் வளர்ந்த கன்னர்கள்தான் 1973இல் சாய்தளங்களில் நின்றார்கள். டாங்கிகளின் விலைப்பட்டியலில் இதற்கு இடம் கிடையாது.

*

அக்டோபர் 6 பிற்பகல். குண்டுமழை ஓய்வதற்குள் சிரிய டாங்கிகள் நகரத் தொடங்கின.

எல்லையை ஒட்டி இஸ்ரேல் ஓர் அகழி வெட்டியிருந்தது. டாங்கி இறங்கினால் ஏற முடியாத ஆழம். அதனால் சிரிய வரிசையின் முன்னால் பாலம் போடும் டாங்கிகள் வந்தன. சாய்தளத்தில் நின்ற கன்னர்கள் முதலில் குறிவைத்தது அவற்றைத்தான். இரண்டு கிலோமீட்டர் தூரத்திலேயே அவை எரிந்தன. பின்னால் வந்த டாங்கிகள் அகழிக்கரையில் தேங்கின. தேங்கியவையும் எரிந்தன.

அப்போது சிரியக் காலாட்படை வீரர்கள் இறங்கினார்கள், கையில் மண்வெட்டியோடு. மேலிருந்து குண்டு வந்துகொண்டிருக்க, அகழியின் கரையை வெட்டி மண்ணைச் சரித்து, டாங்கி இறங்கி ஏறும் அளவுக்குத் தடம் அமைத்தார்கள். வெட்டியவன் விழுந்தால் அடுத்தவன் வெட்டினான். டாங்கிப் போர்களின் வரலாற்றில் டாங்கிக்கு வெளியே நின்றவர்களுக்கு இடம் குறைவு. இந்த மனிதர்களுக்கு ஓர் இடம் உண்டு.

இருட்டியது. ஆட்டம் மாறியது.

சிரிய டாங்கிகள் இருளில் பார்த்துக்கொண்டே முன்னேறின. இஸ்ரேலியர்களிடம் ஒளிக்குண்டுகள் மட்டும்தான் இருந்தன. அவையும் சீக்கிரம் தீர்ந்தன. கமாண்டர்கள் எஞ்சின் ஓசையைக் கேட்டும், எரிகிற டாங்கிகளின் வெளிச்சத்தை வைத்தும் சுட்டார்கள். பகலில் இரண்டு கிலோமீட்டராக இருந்த இடைவெளி சில நூறு மீட்டராகச் சுருங்கியது. சில இடங்களில் அதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பது நம் டாங்கியா, அவர்களுடையதா என்பதே நிச்சயமில்லாத இரவு.

ஹெர்மோனித் குன்றுக்கும் 'பூஸ்டர்' என்று இஸ்ரேலியர்கள் பெயரிட்ட குன்றுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கைக் காத்தது ஏழாவது பிரிகேட். அதன் தலைவர் கர்னல் அவிக்டோர் பென்-கால், போலந்தில் பிறந்து போர்க்காலத்தில் அகதிச் சிறுவனாக வந்து சேர்ந்தவர். கையில் சுமார் 100 டாங்கிகள். எதிரே சிரியாவின் ஏழாவது டிவிஷன். பொழுது விடிந்தபோது பள்ளத்தாக்கு முழுக்க எரிந்த டாங்கிகள். ஆனால் புதிய வரிசை ஒன்று அவற்றுக்கிடையே புகுந்து வந்துகொண்டிருந்தது. சோவியத் போர்முறை அது. முதல் அலை தேய்ந்தால் இரண்டாம் அலை அதே வழியில் வரும்.

*

வடக்கே வரிசை நின்றது. தெற்கே உடைந்தது.

தெற்கு கோலான் ஏறக்குறைய சமதளம். மேடும் குன்றும் குறைவு. செஞ்சூரியனின் 10 பாகைக்கு அங்கே மதிப்பில்லை. டாங்கிகளும் வடக்கைவிடக் குறைவு, காக்க வேண்டிய தூரமோ அதிகம். 188வது பிரிகேட் அங்கே இரவோடு இரவாகக் கரைந்தது. டாங்கியும் அதே, பயிற்சியும் அதே, படையும் அதே. நிலம் மாறியது, முடிவு மாறியது. டாங்கிகளை ஒப்பிடுகிறவர்கள் கோலானின் வடக்கைக் காட்டுகிறார்கள். தெற்கைக் காட்டுவதில்லை.

அந்த இரவில் விடுப்பில் வீட்டிலிருந்த 21 வயது லெப்டினன்ட் ஸ்விகா கிரீன்கோல்ட், வழியில் வண்டிகளைப் பிடித்து மேலே வந்தார். அடிபட்டுக் கொண்டுவரப்பட்டிருந்த டாங்கிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எண்ணெய்க் குழாயை ஒட்டிய சாலையில் ஏறினார். ஒற்றை டாங்கியாகவும் சில நேரம் கூடுதலாக ஒன்றிரண்டோடும், விடியும்வரை இடத்துக்கு இடம் மாறி நின்று சுட்டார். எதிரே இருப்பது ஒரு முழுப் படைப்பிரிவு என்று சிரியர்கள் நம்பினார்கள். ரேடியோவில் கேட்ட அவருடைய தலைமையும் அப்படித்தான் நினைத்தது. அவர் எத்தனை டாங்கிகளை அடித்தார் என்பது இன்றும் வாதத்தில் இருக்கிறது. எனக்கு அந்த எண்ணிக்கை முக்கியமாகத் தெரியவில்லை. அவர் சம்பாதித்துக் கொடுத்தது நேரம். அந்த இரவில் அதைவிட விலையுள்ளது எதுவும் இல்லை.

அக்டோபர் 7 மதியம் 188வது பிரிகேடின் தலைவர் யிட்ஸாக் பென்-ஷோஹாம், கோலானின் தலைமை முகாமான நஃபாக்குக்கு அருகே கொல்லப்பட்டார். அவருடைய துணைத் தலைவரும் அதே நாளில் இறந்தார். இஸ்ரேலின் டாங்கி கமாண்டர்கள் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டி நின்று சண்டையிடப் பழகியவர்கள். அப்போதுதான் களம் முழுவதும் தெரியும். அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள்.

சிரிய டாங்கிகள் ஜோர்டான் ஆற்றைப் பார்க்கும் தூரத்துக்கு வந்துவிட்டன. எதிரே படை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனாலும் அவை நின்றன.

ஏன்? எரிபொருளும் குண்டும் பின்னாலிருந்து வரவேண்டியிருந்தது என்கிறார்கள் சிலர். திட்டத்தில் வகுத்த கோட்டை எட்டியதும் அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்கள் என்கிறார்கள் சிலர். இறங்கினால் இஸ்ரேல் அணுகுண்டை எடுக்கும் என்று பயந்தார்கள் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது காரணமே பொருத்தமாகப் படுகிறது. மேலிருந்து வரும் ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப் பழகிய படை அது. எதிர்பாராத வெற்றி கிடைத்தால் அதைக் கொண்டு என்ன செய்வது என்று அந்தப் படையின் இளநிலை அதிகாரிகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த இடைவெளியில் இஸ்ரேலின் ரிசர்வ் டாங்கிகள் மலையேறின. ஒரு நாளாவது ஆகும் என்று சிரியா போட்டிருந்த கணக்கு பொய்த்தது. பீரங்கிக்கும் குறிபார்க்கும் கருவிக்கும் ஒத்திசைவு பார்க்காமல், இயந்திரத் துப்பாக்கி பொருத்தாமல், பட்டாலியனாகச் சேரும்வரை காத்திராமல், மூன்று டாங்கி கிடைத்தால் மூன்று டாங்கியாக ஏறி வந்தார்கள்.

*

அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை. வடக்குப் பள்ளத்தாக்கில் நான்காவது நாள்.

மூன்று இரவுகளாக யாரும் தூங்கவில்லை. குண்டு ஏற்றும்போதே லோடர் கண்ணயர்ந்தான். காலையில் சிரியப் பீரங்கிகள் அதுவரை இல்லாத உக்கிரத்தோடு சாய்தளங்களின் மேல் குண்டு பொழிந்தன. தாங்க முடியாமல் பென்-கால் தன் டாங்கிகளைச் சில நூறு மீட்டர் பின்னால் இழுத்தார். சிரியர்கள் காத்திருந்தது இதற்குத்தான். புகை அடங்கும் முன் அவர்கள் டாங்கிகள் மேட்டை நோக்கி ஏறின. அதிபரின் காவல் படையைச் சேர்ந்த டி-62களும் அவற்றில் இருந்தன.

இதுவரை மேட்டின் பின்னே நின்று சுட்டவர்கள் இப்போது மேட்டை இழந்தவர்கள். சிரியர்கள் அதில் ஏறி நின்றுவிட்டால் கதை முடிந்தது.

கஹலானியிடம் அப்போது இருந்தவை வெவ்வேறு பட்டாலியன்களிலிருந்து மிஞ்சிய டாங்கிகள். பலருக்கு அவர் யாரென்றே தெரியாது. முன்னேறச் சொன்னால் ரேடியோவில் பதில் இல்லை. அவர் தன் டாங்கியை மட்டும் முன்னே செலுத்தினார். ஒரு பாறைமேட்டைச் சுற்றித் திரும்பியபோது எதிரே சிரிய டாங்கிகள், சில பத்து மீட்டர் தூரத்தில். கன்னரின் கண்ணாடி முழுவதையும் ஒரே டாங்கி அடைத்துக்கொண்டது. குறிபார்க்கத் தேவையே இருக்கவில்லை. சுட்டார்கள். குழல் திரும்பியது. மறுபடி சுட்டார்கள். அடுத்தடுத்து எரிந்த அந்த டாங்கிகளில் ஏதேனும் ஒன்று முந்தியிருந்தால் கஹலானியின் பெயர் இங்கே வந்திருக்காது.

பிறகு அவர் ரேடியோவில் பேசினார். எதிரி எவ்வளவு துணிச்சலாக ஏறி வருகிறான் பாருங்கள், நமக்கு என்ன வந்தது என்கிற பொருளில். எதிரியின் வீரத்தைச் சொல்லித் தன் ஆட்களை உசுப்பிய அந்தச் சொற்கள் வேலை செய்தன. ஒன்று நகர்ந்தது. இன்னொன்று. மேடு கைமாறுவதற்குள் செஞ்சூரியன்கள் அதில் ஏறின.

ஆனாலும் கணக்கு தோல்வியைத்தான் காட்டியது. 100 டாங்கிகளோடு தொடங்கிய பிரிகேடில் ஓடக்கூடியவை ஏழு. அவற்றிலும் ஆளுக்கு இரண்டு மூன்று குண்டுகளே மிச்சம். பென்-கால் பின்வாங்கும் முடிவின் விளிம்பில் இருந்தார்.

அந்த நேரத்தில் தெற்கிலிருந்து புழுதி கிளம்பியது.

வந்தவர் லெப்டினன்ட் கர்னல் யோஸி பென்-ஹனான். 1967இல் சூயஸ் கால்வாயில் இறங்கித் துப்பாக்கியோடு சிரித்த இவருடைய படம் 'லைஃப்' இதழின் அட்டையில் வந்திருந்தது. போர் வெடித்தபோது தேனிலவுக்காக நேபாளத்தில் இருந்தார். விமானம் மாறி விமானம் ஏறி வந்தவர், 188வது பிரிகேடில் சிதறிய வீரர்களையும் பழுதுபார்த்த டாங்கிகளையும் சேர்த்தார். பத்துப் பன்னிரண்டு டாங்கிகள் தேறின. அவற்றை ஓட்ட வந்தவர்களில் காயத்தோடு மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு டாங்கிகள் ஒரு டிவிஷனை நிறுத்தாது. ஆனால் சிரியத் தளபதிகளுக்கு அவற்றின் எண்ணிக்கை தெரியாது. நான்கு நாள் தாக்கியும் உடையாத வரிசை; இப்போது பக்கவாட்டில் புதிய டாங்கிகள். இஸ்ரேலின் பெரும் ரிசர்வ் வந்துவிட்டது என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எல்லையோரக் காவல் அரண் ஒன்றில் முற்றுகைக்குள் இருந்த வீரர்கள் ரேடியோவில் செய்தி சொன்னார்கள்: சிரிய லாரிகள் திரும்பிப் போகின்றன.

இரு தரப்பும் முடிவின் விளிம்பில் நின்றன. ஒரு தரப்பு சற்று முன்னதாகத் திரும்பியது.

*

பள்ளத்தாக்கில் 260 சிரிய டாங்கிகள் கிடந்தன. மற்ற வாகனங்களையும் சேர்த்தால் ஐந்நூறு. இஸ்ரேலியர்கள் அதற்குக் கண்ணீர்ப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தார்கள். கோலான் முழுவதிலும் சிரியா விட்டுச்சென்ற டாங்கிகள் 867 என்பது இஸ்ரேலின் கணக்கு. இஸ்ரேல் தரப்பில் செயலிழந்தவை சுமார் 250.

இந்த எண்களை வைத்துத்தான் அரை நூற்றாண்டாக செஞ்சூரியன் வென்றது, டி-55 தோற்றது என்று எழுதிவருகிறார்கள். அந்த 250இல் ஏறக்குறைய 150 டாங்கிகள் பழுதுபார்க்கப்பட்டுச் சண்டைக்குத் திரும்பின. எண்ணிக்கையின் பொருளே இங்கே மாறிவிடுகிறது.

சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே சாய்தளங்களுக்குச் சற்றுப் பின்னால் மெக்கானிக்குகள் வேலை செய்தார்கள். சங்கிலிப் பட்டை அறுந்த டாங்கியைக் கட்டி இழுத்து வருவார்கள். ஒன்றில் எஞ்சின் நன்றாக இருக்கும், பீரங்கி போயிருக்கும். இன்னொன்றில் பீரங்கி நன்றாக இருக்கும், எஞ்சின் போயிருக்கும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உள்ளே இருந்தவர்களின் உடல்களை எடுத்து, இரத்தத்தைக் கழுவ வேண்டும். கழுவிய டாங்கியில் சில மணி நேரத்தில் வேறு நான்கு பேர் ஏறுவார்கள். இதைச் செய்தவர்களும் இருபது வயதுப் பையன்கள்தான்.

சிரியாவின் மெக்கானிக்குகள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல. அவர்களுடைய அடிபட்ட டாங்கிகள் எதிரியின் துப்பாக்கி முனையில் கிடந்தன. முன்னேறித் தாக்குபவனின் டாங்கி அடிபட்டால் அது எதிரியின் வாசலில் கிடக்கும். காப்பவனின் டாங்கி அடிபட்டால் அவன் வீட்டுக்குள் கிடக்கும். களம் யார் கையில் மிஞ்சுகிறதோ அவனுடைய டாங்கிக்குப் பெயர் 'பழுது'. மற்றவனுடையதற்குப் பெயர் 'இழப்பு'. சங்கிலி அறுந்து, மற்றபடி முழுசாக நின்ற டி-55கூட இழப்புக் கணக்கில்தான் சேர்ந்தது. அப்படிக் கிடைத்தவற்றைச் சீரமைத்து, இஸ்ரேல் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டது.

போர் முழுவதையும் எடுத்தாலும் இதே கதைதான். இரண்டு முனைகளிலும் சேர்த்து இஸ்ரேலின் சுமார் ஆயிரம் டாங்கிகள் அடிபட்டன. மீளாமல் போனவை ஏறத்தாழ 400. மற்றவை திரும்ப ஓடின. டாங்கி இழப்புப் பட்டியல் எங்கே கண்ணில் பட்டாலும், அது எந்தப் போராக இருந்தாலும், நான் முதலில் தேடுவது அன்று மாலை களம் யார் வசம் இருந்தது என்பதைத்தான். அது இல்லாத பட்டியலைக் கொண்டு எந்த டாங்கியையும் எடைபோட நான் துணியமாட்டேன்.

டி-55இன் குறைகளை இதனால் மறைக்க முடியாது. தாழ்ந்த கூரை, உள்ளே நெருக்கடி, எரிபொருளோடு ஒட்டி அடுக்கிய குண்டுகள். அடிபட்டால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பது அரிது. கோலானில் சிரியா இழந்த சுமார் 3,500 உயிர்களில் டாங்கிகளுக்குள் எரிந்தவர்கள் எத்தனையோ பேர். இஸ்ரேல் தரப்பில் அங்கே இறந்தவர்கள் 772 பேர்.

*

அக்டோபர் 10. சிரியா பழைய எல்லைக் கோட்டுக்குப் பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. அன்றிரவு டெல் அவிவில் பிரதமர் கோல்டா மேயிர் முன்னால் ஒரே விவாதம். கோட்டில் நிற்பதா, டமாஸ்கஸ் நோக்கிப் போவதா? தயக்கங்களைத் தாண்டி, போவதென்று முடிவானது. மறுநாள் காலையில் முன்னே சென்றது எது தெரியுமா? ஒன்றரை நாளில் ஆளும் டாங்கியும் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்த அதே ஏழாவது பிரிகேட்.

டமாஸ்கஸ் நடுங்கியது. ஈராக்கின் டாங்கிகள் பாலைவனம் கடந்து உதவிக்கு வந்துகொண்டிருந்தன. ஆனால் அவை போதாது. அதிபர் ஹஃபீஸ் அல்-அசத்தின் அவசரக் கோரிக்கை கெய்ரோவுக்குப் பறந்தது: தெற்கே நீங்கள் முன்னேறுங்கள், இஸ்ரேலின் பார்வை அங்கே திரும்பட்டும்.

எகிப்து அதுவரை புத்திசாலித்தனமாக நின்றிருந்தது. கால்வாயைக் கடந்து, சில கிலோமீட்டர் போய், தன் விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் குடைக்குள் நின்றது. டாங்கிகள் தாக்க வந்தால் சாகரால் அடித்தது. கோலானின் பாடத்தை அது சினாயில் தலைகீழாக நடத்திக்கொண்டிருந்தது. அங்கே மேட்டில் நின்றது எகிப்து, ஏறி வந்து மடிந்தது இஸ்ரேல்.

அக்டோபர் 12. அதிபர் சதாத்தின் உத்தரவு வந்தது. குடையை விட்டு வெளியே வந்து, கிழக்கே மலைக் கணவாய்களை நோக்கி டாங்கிகள் முன்னேற வேண்டும். படைத் தலைமை அதிகாரி சாத் எல்-ஷாஸ்லி முடியாது என்று வாதாடினார். இரண்டாம், மூன்றாம் படைகளின் தளபதிகளும் எதிர்த்தார்கள். திறந்த மணலில், வானம் இஸ்ரேல் விமானங்களின் கையில் இருக்கும்போது, மேட்டில் காத்திருக்கும் டாங்கிகளை நோக்கி ஓடுவதா? போர் அமைச்சர் அகமது இஸ்மாயில் ஒரே வரியில் முடித்தார். இது அரசியல் முடிவு, நிறைவேற்ற வேண்டும்.

கால்வாயின் மேற்குக் கரையைக் காத்து நின்ற கையிருப்பு டாங்கிகள் பாலங்கள் வழியே கிழக்கே கடந்தன. தாக்குதல் அக்டோபர் 14 விடியற்காலை என்று குறிக்கப்பட்டது.

ஷாஸ்லியின் பயம் நிஜமாகுமா? டாங்கிகள் கிழக்கே போய்விட்டால், காலியாகக் கிடக்கும் மேற்குக் கரையை யார் காப்பது?

(தொடரும்)